எழுந்து நிற்கும் காகிதம்

வணக்கம் நேயர்களே. திறந்தவுடன் மண்டபமும் கோபுரமும் எழுந்து நிற்கும் திருமண அழைப்பிதழை உங்களில் பலர் கையில் வாங்கியிருப்பீர்கள். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் இருப்பவர்கள் அதை சென்னை ஆண்டர்சன் தெருக் கடைகளிலேயே புரட்டிப் பார்த்திருக்கக்கூடும். அந்தக் கலையை, விரித்தால் காட்சிகள் எழுந்து நிற்கும் ‘பாப்-அப்’ புத்தகமாக வளர்த்தவர்களை ஓவியர்களாக மட்டும் கருதுவது போதாது, காகிதத்தின் குணம் அறிந்த பொறியாளர்களாகவே மதிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

காகிதத்துக்கு ஏது குணம் என்று கேட்பீர்கள். வீட்டிலுள்ள பழைய செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், பெரும்பாலும் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். ஆலையில் காகிதம் ஓடிவரும்போது நார்கள் அந்த ஓட்டத்தின் திசையிலேயே மிகுதியாகப் படிந்துவிடுவதே காரணம். அச்சகத்தார் இதைக் கிரெய்ன் என்பார்கள். கனத்த அட்டை கேட்டால், அனுபவமுள்ள கடைக்காரர் தாளை இரு பக்கமும் லேசாக வளைத்துப் பார்ப்பார். எளிதாக வளையும் போக்கிலேயே மடிப்பு விழ வேண்டும். எதிர்ப்போக்கில் மடித்தால் மேற்பரப்பு வெடித்து, திறந்து மூடத் திறந்து மூட மடிப்பு நைந்துவிடும். மீண்டும் சொல்கிறேன், நாரின் போக்கை அறியாமல் நிலைத்து நிற்கும் புத்தகத்தைச் செய்ய முடியாது.

19ஆம் நூற்றாண்டில் மியூனிக் நகரில் வாழ்ந்த லோதர் மெக்கண்டார்ஃபர் இதில் பேராசான். அவருடைய பக்கத்தில் ஒரு காகித நாக்கை இழுத்தால் உருவத்தின் கண்ணும் கையும் காலும் சேர்ந்து அசையும். மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டி ஆணியாக்கி, அத்தனை நெம்புகோல்களையும் இரு தாள்களுக்கு நடுவே மறைத்திருந்தார். 1887இல் வந்த அவருடைய சர்க்கஸ் புத்தகத்தை விரித்து நிறுத்தினால் பார்வையாளர்களோடு அரங்கமே எழும். பிராக் நகரின் வோய்தெக் குபாஷ்தாவோ கட்டடக்கலை பயின்றவர். ஒரே அட்டையை வெட்டி மடித்தே கப்பலையும் கோட்டையையும் நிறுத்தினார்.

அச்சும் வெட்டும் இயந்திரத்தில் நடந்தாலும், இத்தகைய புத்தகங்களை மடித்து ஒட்டுவது இன்றும் மனிதக் கைகளே. அவர்களின் பெயர் பெரும்பாலும் புத்தகத்தில் இடம்பெறுவதில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நேரம் நெருங்கிவிட்டதால், மதுராவின் சாஞ்ஜி காகித வெட்டுக்கலையை விரித்துரைக்க இயலவில்லை. ஜப்பானியக் கட்டடக்கலைஞர் மசாஹிரோ சத்தானி 1980களில் பசையே இல்லாமல், வெட்டியும் மடித்தும் கட்டடங்களை எழுப்பினார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்குத் தொடங்கிவைக்க அந்த முறையே ஏற்றது. பழைய அழைப்பிதழ் அட்டையும் கத்தரிக்கோலும் போதும். நன்றி, வணக்கம்.