பருந்து சுத்துது

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன வயதில் அப்பத்தா வீட்டில் எனக்கிருந்த பெரிய உத்தியோகம் பருந்துக் காவல். வானத்தில் ஒன்று வட்டமடித்தால் போதும், "பருந்து சுத்துதுடா, குஞ்சுகளைப் பஞ்சாரத்துல போட்டு மூடு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். தலைக்கு மேல் சுற்றுவது நம் வீட்டுக் குஞ்சுக்காகத்தான் என்பது அப்பத்தாவின் தீர்மானம். பல நேரம் அந்தப் பருந்து குஞ்சைப் பார்க்கவே இல்லை, மேலே போக வழி கிடைத்து ஏறிக்கொண்டிருந்தது என்பது எனக்குப் புரிய முப்பது வருடம் ஆனது. அதுவும் பொம்மை விமானம் விடப்போய்த்தான்.

பொம்மை என்றால் என் கூட்டாளிகள் கோபித்துக்கொள்வார்கள். மாடல் கிளைடர். எஞ்சின் கிடையாது, மோட்டார் கிடையாது. பால்சா மரச் சட்டம், மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டிய இறக்கை, வாலைத் திருப்ப சர்வோ என்கிற இரண்டு சின்னக் கருவி, அவற்றை இயக்கக் கையில் ரிமோட். தரையில் முளையடித்து 15 மீட்டர் ரப்பர் குழாயைக் கட்டி, அதன் நுனியில் நைலான் கயிறு, கயிற்றின் நுனியில் கிளைடர். பின்னால் இழுத்துக்கொண்டே போய்க் கையை விட்டால் ஜிவ்வென்று கிளம்பி, 50 மீட்டர் உயரத்தில் கயிற்றைக் கழற்றிக்கொள்ளும். அப்புறம் இறக்கம்தான். காற்று அசையாத நேரத்தில் வினாடிக்கு அரை மீட்டர் இறங்கும். 100 வினாடியில் தரை. இரண்டு நிமிடம்கூட இல்லாத சுகத்துக்கா இப்படி வெயிலில் கருகுகிறீர்கள் என்று வீட்டில் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நாங்கள் பறக்கவிடுவது மதுரைப் பக்கம், யானைமலை தெரிகிற தூரத்தில் வற்றிக் கிடக்கும் ஒரு கண்மாயில். பங்குனி, சித்திரையில் காலையில் போனால் கரும்பருந்துகள் பனை உச்சியில் சும்மா உட்கார்ந்திருக்கும். பறந்தாலும் இறக்கையை அடித்து அடித்துத் தாழ்வாகத்தான் பறக்கும். பத்து மணிக்கு மேல்தான் அவற்றுக்கு வேலை. வெயில் ஒன்றுதான் என்றாலும் தரை ஒரே மாதிரி சுடுவதில்லை. பாறையும், உழுதுபோட்ட காய்ந்த நிலமும் சீக்கிரம் கொதிக்கும். பக்கத்து நெல்வயல் தண்ணீரோடு குளிர்ந்து கிடக்கும். சூடான இடத்துக் காற்று லேசாகி, உலைப்பானையின் அடியிலிருந்து குமிழி கிளம்புவதுபோல் கிளம்பும். இதைத்தான் தெர்மல் என்கிறோம். வினாடிக்கு 2, 3 மீட்டர் ஏறுவது சாதாரணம்.

அதற்குள் நுழைந்த பிறகும் கிளைடர் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, பருந்தும் அப்படியே. ரயில் நிலையத்தில் மேலே போகிற நகரும் படிக்கட்டில் மெதுவாகக் கீழ்நோக்கி நடந்து பாருங்கள், மாடிக்குத்தான் போய்ச் சேருவீர்கள். வட்டமடிப்பதற்கும் காரணம் இதுதான்: ஏறுகிற காற்று ஓரளவு அகலம்தான், நேரே போனால் வெளியே வந்துவிடும்.

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பார்கள். குருவி பாவம், சொந்தச் செலவில் பறக்கிறது. தென் அமெரிக்காவில் ஆண்டியன் காண்டோர் என்றொரு பிணந்தின்னிக் கழுகு, 15 கிலோ வரை எடை வரும். அதன் உடம்பில் கருவி பொருத்திக் கணக்கெடுத்த ஆய்வு 2020-இல் வந்தது. பறந்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் இறக்கை அடித்திருக்கிறது. ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேலாக, 172 கிலோமீட்டர், ஒருமுறைகூட அடிக்காமல் போயிருக்கிறது.

நம் கரும்பருந்தின் இறக்கை விரிப்பு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். என் கிளைடரும் அதே அளவு, அதனால் ஒரு சொந்தம். ஆனால் அதன் இறக்கை நுனியில் விரல்போல் விரிந்த சிறகுகள் தனித்தனியாக வளையும். பிளந்த வால் சுக்கான்போல் இப்படியும் அப்படியும் முறுகும். அந்த வாலைப் பார்த்தே காற்று எங்கே தூக்குகிறது என்று கண்டுபிடிக்கலாம். கும்பாபிஷேகத்தில் கருடன் வந்துவிட்டது என்று எல்லோரும் அண்ணாந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, நான் அது எந்தப் பக்கம் சாய்ந்து சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கெட்ட பழக்கம்தான்.

போன சித்திரையில் ஒருநாள் உச்சிவேளை. கண்மாய்க் கரைக்கு மேல் ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. கிளைடரை அதற்குக் கீழே கொண்டுபோனேன். இடது இறக்கையை யாரோ கீழிருந்து தட்டியதுபோல் தூக்கியது. தூக்கிய பக்கம்தான் தெர்மல். விட்டால் கிளைடர் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடிவிடும், நாம்தான் மல்லுக்கட்டி இடதுபக்கம் திருப்ப வேண்டும். திருப்பினேன். ஏறியது. பருந்து தலையை மட்டும் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வட்டத்தைத் தொடர்ந்தது. ஒன்பது நிமிடம் இரண்டும் சேர்ந்து சுற்றின. எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

பிறகு பருந்து இறக்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு யானைமலைப் பக்கம் நேராகப் போய்விட்டது. நான் போகவில்லை. இன்னும் இரண்டு சுற்று பார்ப்போமே என்று ஆசை. மேலே போகிற காற்றைச் சுற்றி இறங்குகிற காற்றும் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெர்மல் செத்துப்போய், கிளைடர் அந்த இறக்கத்தில் மாட்டி, கல் மாதிரி சீமைக்கருவேலங்காட்டுக்குள் விழுந்தது. முள்ளுக்குள் தவழ்ந்து அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், மலைக்கு மேலே அந்தப் பருந்து அடுத்த வட்டத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் பருந்து கிளம்பினால் நானும் கிளம்பிவிடுகிறேன். முள்ளில் இடது இறக்கை கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன். அதனால் அந்த இறக்கை கொஞ்சம் கனத்து, கிளைடர் எப்போதும் இடதுபக்கமே இழுக்கிறது.

வணக்கம்.