சுவரில் மோதும் வேகம்

வணக்கம் நேயர்களே. கம்பியில்லா இணையம் எப்படி இவ்வளவு வேகமானது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேகம் என்றதும் பலருக்கும் சிக்னல் பலம்தான் நினைவுக்கு வரும். சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். பார்த்திருப்பீர்கள். பலம் வேறு, வேகம் வேறு. இதைத் திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997இல் வந்த முதல் வைஃபை தரத்தின், அதாவது கருவிகளெல்லாம் பின்பற்றும் பொது விதிமுறையின், உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். பிட் என்பது 0 அல்லது 1; மெகாபிட் என்றால் பத்து லட்சம் பிட். மேலே போகவிடாமல் மறித்தவற்றில் முக்கியமானது எதிரொலி. ரேடியோ அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவரிலும் பீரோவிலும் மோதிச் சுற்றியும் வருகிறது. நொடிக்கு 10 கோடி பிட்களை வரிசையாக அனுப்பினால், ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில் அலை ஓடுவது 3 மீட்டர்தான். சுவரைத் தொட்டுத் தாமதமாக வரும் பழைய பிட், அடுத்ததன் தலைமேல் விழும். சரி, பலத்தைக் கூட்டினால்? எதிரொலியும் கூடவே கூடும்!

இங்கேதான் எனக்குப் பிடித்த கதை. சின்னஞ்சிறு கருந்துளைகள் வெடித்து மறையக்கூடும் என்று 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங் சொன்னார். அந்த வெடிப்பின் ரேடியோ துடிப்பைத் தேடியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் ஜான் ஓ'சல்லிவன். ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் கலங்கி வரும் சிக்னலைக் கணக்குப் போட்டுத் தெளியவைக்கும் வித்தை கைவந்தது. 1990களின் தொடக்கத்தில், சிஎஸ்ஐஆர்ஓ என்ற ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனத்தில் அவரும் குழுவினரும் அந்தக் கணக்கை நாலு சுவருக்குள் கொண்டுவந்தார்கள். வேகமான ஒரு ஓட்டத்தைப் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து, அடுத்தடுத்த அலைவரிசைகளில் ஒரே சமயத்தில் அனுப்புவது. ஒவ்வொன்றும் நிதானமாகப் போவதால், எதிரொலி அடங்க இடைவெளி கிடைக்கிறது. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை வந்தது. (இந்த யோசனையில் வேறு பலருக்கும் பங்கு உண்டு, சண்டைக்கு வராதீர்கள்.) 1999இல் இவ்வகையில் அமைந்த தரம் 54 மெகாபிட்டைத் தொட்டது. கவனியுங்கள், பலத்தைக் கூட்டி வந்த வேகம் இல்லை இது.

அப்புறம் 2009இல் வேடிக்கை. பல ஆன்டெனாக்களை வைத்து, அலை வரும் வெவ்வேறு வழிகளில் வெவ்வேறு தகவலை அனுப்பும் தரம் வந்தது. மறித்த எதிரொலியே இப்போது உதவிக்கு வந்துவிட்டது! உச்சம் 600 மெகாபிட்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பின்னால் வந்த வைஃபை 6 என்ற தரம் ஒரே அலைவரிசையைப் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் பங்கிடுகிறது. அதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது. 6 கிகாஹெர்ட்ஸ் என்ற உயர் அலைவரிசையில் இடம் தாராளம், ஆனால் அந்த அலை சுவர் தாண்டத் திணறும். அந்த வேகம் வேண்டுமானால் ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். வணக்கம்.