பழைய குழு, புதிய பாட்டு

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பு நகரில் நெடுங்காலம் ரெக்கோடிங் பார் நடத்தியவன் என்ற ஒரே தகுதியில்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். நான் பாடகனும் அல்லன், சங்கீத ஆசிரியனும் அல்லன். வெற்றுக் கசெட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொண்டுவந்து தருவார்கள், பதிந்து கொடுப்பேன். ஆகையால் நான் பேசப்போவது குரலையும் நாடாவையும் பற்றித்தான்.

அந்தக் காலத்தில் சினிமாப் பாட்டுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்பட்டவை இரண்டு. ஒன்று, நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பாடிய நம் நாட்டுப் பொப்பிசை. மற்றது சுவீடன் நாட்டு ஆபா குழு. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைகள்கூட ஆபா கேட்டு வருவார்கள். 1974இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் வென்று பெயர் பெற்ற குழு அது. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், இரண்டு சோடிகள். இரண்டு மணவாழ்க்கையும் முறிந்தன. 1981இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டோடு சேர்ந்து பாடுவதையே விட்டுவிட்டார்கள். பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். 2000ஆம் ஆண்டளவில் நூறு கோடி டொலர் தருவதாகச் சொல்லியும் மறுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அதே ஆண்டு ஏப்ரலில் ஆபா குழுவினர் மீண்டும் கூடி இரண்டு புதிய பாடல்களைப் பதிந்திருப்பதாக அறிவித்தார்கள். இரண்டு பாட்டு பத்தாகி, 2021 நவம்பர் 5ஆம் திகதி ‘வொயேஜ்’ என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. முந்தைய தொகுப்புக்கும் இதற்கும் இடையில் நாற்பது ஆண்டுகள். நால்வரில் இளையவரான அக்னீத்தாவுக்கே அப்போது வயது 71. உச்சப் புகழில் இருந்தபோது ஒருமுறையும் கிடைக்காத கிராமி விருதுப் பரிந்துரை, இந்த வயதில் பாடிய பாட்டுக்குத்தான் முதன்முதலாக வந்தது.

அடுத்த ஆண்டு லண்டனில் தனி அரங்கு ஒன்று கட்டி, நால்வரின் இளமைக் கால உருவத்தைக் கணினியால் உருவாக்கி மேடையேற்றினார்கள். அந்த முதியவர்களுக்குப் பிரத்தியேக உடை அணிவித்து ஆடிப் பாடவைத்து, 160 கமராக்களால் அசைவுகளைப் பதிந்து செய்த வேலை அது. உலகம் அதைத்தான் வாய் பிளந்து பார்த்தது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. நான் உட்கார்ந்து கேட்டது தொகுப்பைத்தான். உருவத்துக்கு இளமை பூசியவர்கள், புதிய பாட்டுகளில் குரலுக்கு அதைச் செய்யவில்லை. குழுவின் மற்றப் பாடகி ஃபிரீடாவின் குரல் கனத்திருக்கிறது. அக்னீத்தா முன்னர் ஏறிய உயரத்துக்கு இப்போது ஏறவில்லை. தாழ்ந்த சுருதியில் நிதானமாக நின்று பாடுகிறார். கேட்கிறவனுக்கு அவர் இடைப்பட்ட ஆண்டுகளையும் சேர்த்துப் பாடுவது போலிருக்கும்.

அந்தப் பத்துப் பாட்டில் ஒன்று மட்டும் விதிவிலக்கு. 1978இல் குரலைப் பதிந்து, திருப்தி இல்லாமல் ஒதுக்கிவைத்திருந்த பாட்டு அது. அந்தப் பழைய குரலை எடுத்து, பின்னணி இசையை மட்டும் புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார் நால்வரில் ஒருவரான பென்னி. நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு நாடா பழுதாகாமல் இருந்திருக்கிறது.

1978 என்றதும் மட்டக்களப்பாருக்கு என்ன நினைவு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நவம்பர் 23, சூறாவளி. கூரை போன வீட்டில் எந்த நாடா மிஞ்சும்? அதற்குப் பின் போர், இடப்பெயர்வு. 2004இல் நாவலடி, கல்லடிப் பக்கம் வீடுகளையே கடல் கொண்டுபோனது. சனங்கள் செத்த கணக்கின் நடுவே கசெட் போன கணக்கை யார் பார்ப்பார்கள்? பார்த்திருக்கவும் கூடாது. ஆனால் போனது போனதுதான்.

நம்மூரிலும் குழுக்கள் இருந்தன. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் கோயில் திருவிழா என்றால் இரவு முழுக்க இசைக்குழு. முதல் பாதி சினிமாப் பாட்டு. நடுச்சாமம் கழிந்து, வாத்தியார்மாரும் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரும் வீட்டுக்குப் போனபின், தங்கள் சொந்தப் பாட்டுகளை எடுத்து விடுவார்கள். வேளாண்மை வெட்டு, வாவியில் தோணி, சீதனம் கேட்ட மாப்பிள்ளை என்று எல்லாம் பாட்டில் வரும். தாளத்தில், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியரின் சாயல் இருக்கும். இந்த ஊர்ப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினும் ரபானா மேளமும் வைத்து ஆடிய கஃப்ரிஞ்ஞா ஆட்டப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள்? நான் ஒரு ரெக்கோடரை அம்ப்ளிபயரில் கொழுவிவிட்டு மேடைக்குப் பின்னால் இருப்பேன். ஜெனரேற்றர் இரைச்சலும் சேர்ந்தே பதிவாகும்.

அப்படியான ஒரு குழுவில் மிஞ்சியிருப்பவர்கள் நால்வர். ஒருவர் சுவிஸ், ஒருவர் ரொறன்ரோ, இருவர் ஊரோடு. வெளிநாடுகளில் பழைய குழுக்கள் கூடுவது புதினமல்ல. மண்டபம் எடுப்பார்கள், டிக்கெட் விற்பார்கள், அதே சினிமாப் பாட்டுகளைப் பாடுவார்கள், கொத்துரொட்டியோடு கூட்டம் கலையும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு இசைத்தட்டு இருக்கிறது, மூலக்குரல் இருக்கிறது. இந்த நால்வரின் சொந்தப் பாட்டுக்கு என்ன இருக்கிறது? ஆகவே, ஊருக்கு வந்தால் மேடை வேண்டாம், முதலில் ஒலிப்பதிவு என்று பிடிவாதமாக நின்றேன். ஆபாவுக்கு அது மறுவருகை. எங்கள் ஆட்களுக்கு அதுதான் ஒழுங்கான முதல் பதிவு.

ஆரையம்பதியில் ஒரு பையனின் ஸ்டூடியோ. மெத்தை ஒட்டிய சின்ன அறை. பாடகர் மைக்கின் முன்னால் நின்று கீபோட்காரரைப் பார்த்தார்.

“முன்பு சுருதி இரண்டரைக் கட்டை. இப்போது ஒன்றில் வை மச்சான், பிறகு பார்ப்போம்.”

ஒரு கட்டையிலும் குரல் கூடவில்லை. அரைக்கட்டை இறக்கிப் பாடியபோதுதான் அறை நிறைந்தது. அன்று பதிந்த இரண்டும் புதிய பாட்டுகள். சென்ற வருடம் தொலைபேசியில் பேசிப் பேசிக் கட்டியவை. ஒன்று, வெளிநாட்டில் பனி வழிக்கும் வேலை பற்றியது. அழுகைப் பாட்டு என்று நினைக்க வேண்டாம், நல்ல துள்ளல்.

பதிவு முடிந்ததும் பையன் சொன்னான், “மாமா, சுருதி விலகிய இடங்களைக் கணினியில் நேராக்கிவிடுகிறேன்.” நேராக்கினான். திரும்பப் போட்டுக் கேட்டோம். அந்த மனிதர் ஒவ்வொரு அடியின் முடிவிலும் குரலைச் சற்றே சரியவிட்டு நிறுத்துவார். அவருடைய கையெழுத்தே அதுதான். அது காணாமல் போயிருந்தது. கீபோட்காரர் கேட்டார், “இது யாருடைய குரல் மகன்?” பையன் சிரித்துக்கொண்டு பழையபடி மாற்றினான். ஓரிடத்தில் மட்டும் திருத்தத்தை விட்டுவைத்தோம். அங்கே விலகியது கொஞ்சநஞ்சமல்ல.

கணினிக்கு நான் எதிரி அல்லன். ஆங்கிலேயக் குழுவான பீட்டில்ஸின் ஜோன் லெனன் எழுபதுகளின் பின்பகுதியில் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடிப் பதிந்த கசெட் ஒன்று இருந்தது. அவர் இறந்தபின் தொண்ணூறுகளில் மற்ற பீட்டில்ஸ் மூவரும் அதை முடிக்க முயன்றார்கள். கசெட்டின் இரைச்சலும், குரலோடு ஒட்டிக்கிடந்த பியானோவும் விடவில்லை. பிறகு அவர் குரலை அடையாளம் காணக் கணினிக்குப் பழக்கி, அதை மட்டும் பிரித்தெடுத்து, 2023 நவம்பரில் பாட்டை வெளியிட்டார்கள். அதற்குள் அந்த மூவரில் ஒருவரான ஜோர்ஜ் ஹரிசனும் போய்விட்டார். அவர் 1995இல் வாசித்த கிற்றாரை அதில் சேர்த்தார்கள். வீட்டுக் கசெட்டில் ‘ஹம்’ என்ற மின்சார இரைச்சல் ஏறினால் அதைக் கழுவ வழியில்லை என்று வாடிக்கையாளர்களிடம் ஆயுள் முழுக்கச் சொன்னவன் நான். அந்தப் பாட்டைக் கேட்டபோது தொழில்காரனாக எழுந்து நிற்கத் தோன்றியது.

அதனால் ஒரு வேண்டுகோள். திருவிழா மேடையில் பதிந்த கசெட் உங்கள் வீட்டில் இருந்தால், எவ்வளவு இரைச்சலானாலும் எறியாதீர்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் காந்தம் பதிவைக் கெடுத்துவிடும். வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஓடவிட்டுப் பார்க்கவும் வேண்டாம். நாடா ஒட்டி அறுந்துவிடும். அப்படியே கொண்டுவந்து தாருங்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவேன், காசு வேண்டாம்.

இதில் சுயநலமும் இருக்கிறது. அடுத்ததாக நால்வரும் அந்தச் சீதன மாப்பிள்ளைப் பாட்டைப் பதியப்போகிறார்கள். அதன் மூன்றாவது சரணம் ஒருவருக்கும் நினைவில் இல்லை. என் பிரதியும் இல்லை. யாரிடமாவது இருந்தால் இந்த மாத முடிவுக்குள் நிலையத்துக்கு அறிவியுங்கள். கிடைக்காவிட்டால் தானே புதிதாக எழுதிவிடுவேன் என்று சுவிஸ்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் தாளக்காரர், பாட்டு எழுதிப் பழக்கமில்லாதவர்.