ஓவியமே முகவரி

நேயர்களுக்கு வணக்கம்.

2004-ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சின்னக் கடிதம் வெளிவந்தது. எழுதியவர்கள் மார்கரெட் லிவிங்ஸ்டன், பெவில் கான்வே என்ற இரண்டு நரம்பியல் ஆய்வாளர்கள். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன்னைத் தானே வரைந்துகொண்ட 36 படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் கருவிழிகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று அளந்திருந்தார்கள். ஒரு கண் நேரே பார்க்கிறது, மற்றது சற்று வெளிப்பக்கமாக விலகி நிற்கிறது. அப்படியானால் இரண்டு கண்களையும் சேர்த்து ஆழத்தை உணரும் திறன் ரெம்பிராண்டுக்குக் குறைவாக இருந்திருக்கலாம் என்றார்கள். ஓவியருக்கு அது குறையாகவும் இருக்காதாம். முப்பரிமாண உலகத்தைத் தட்டையான துணிக்குக் கொண்டுவருபவர் எப்படியும் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறவர்தானே!

அந்தக் கடிதத்தில் என்னைக் கவர்ந்தது வேறு ஒரு விஷயம். ரெம்பிராண்டின் சுயசித்திரங்களில் தைல ஓவியங்களும் உண்டு, செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படங்களும் உண்டு. கண்ணாடியைப் பார்த்து வரையும்போது முகம் இடவலம் மாறித் துணியில் இறங்குகிறது. தகட்டிலும் அப்படித்தான். ஆனால் தகட்டில் இருப்பது தாளில் பதியும்போது மறுபடியும் ஒருமுறை திரும்பிவிடும். ஆக, விலகும் கண் உண்மையிலேயே ஒரே கண்தான் என்றால், ஓவியங்களில் அது ஒரு பக்கமும் அச்சுப் படங்களில் எதிர்ப்பக்கமும் இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படியே இருந்தது. அச்சுக்கலையின் இந்தச் சங்கதி தெரியாமல் வெறும் அளவுகளை மட்டும் வைத்திருந்தால், இடது பாதி, வலது பாதி, ஒன்றுமில்லை என்று கணக்கை முடித்திருப்பார்கள்.

சரி, கலை வரலாற்றாளர் இதைப் படித்தால் முதலில் என்ன கேட்பார்? ‘இந்த 36-ம் ரெம்பிராண்ட் கைப்பட வரைந்தவைதானா?’ என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. அவருடைய பட்டறையில் மாணவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார்கள். கழுத்துக் கவசம் அணிந்த இளம் ரெம்பிராண்டின் படம் ஒன்று ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெடுங்காலம் அதுதான் மூலம் என்று நம்பினார்கள். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது வண்ணத்துக்கு அடியில் கோட்டு வரைவு தெரிந்தது. ரெம்பிராண்ட் அப்படி அடிவரைவு போட்டு வேலை செய்கிறவர் இல்லை. இன்று மூலம் என்று ஏற்கப்படுவது ஜெர்மனியின் நியூரம்பர்கில் இருக்கும் படம். இந்த மாதிரி தீர்ப்புகளைச் சேர்த்துவந்தது 1968-இல் தொடங்கிய ரெம்பிராண்ட் ஆய்வுத் திட்டம். அவர்களுடைய தொகுதிகளில் சுயசித்திரங்களுக்கென்றே ஒன்று உண்டு. அது வெளிவந்தது 2005-இல், அந்த மருத்துவக் கடிதம் வந்த மறு ஆண்டு.

ஒரே முகம், ஒரே கண்கள், அடுத்தடுத்த ஆண்டுகள். ஆனால் ஒன்றைத் தேடுகிறவர் கண்ணில் மற்றது படுவதற்கு வழி மிகக் குறைவு. நான் இன்று பேச வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

பார்வை அறிவியல் கட்டுரைகளைத் தேடுகிறவர் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தின் பக்கம் போவார். அங்கே கட்டுரைகளுக்கு மருத்துவத் தலைப்புச் சொற்களை ஒட்டுகிறார்கள். ‘ஓவியங்கள்’ என்று ஒரு தலைப்பு உண்டு, ‘புகழ்பெற்ற மனிதர்கள்’ என்றுகூட ஒன்று உண்டு. ரெம்பிராண்ட் அங்கே ஒரு புகழ்பெற்ற மனிதர், அவ்வளவுதான்! கலை வரலாற்றாளர் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் காப்பகத்தில் தேடுவார், கெட்டி நிறுவனம் வைத்திருக்கும் கலை நூலடைவில் தேடுவார். கெட்டியின் கலைச்சொல் களஞ்சியம் பாணி, பொருள், உத்தி, காலம் என்று அடுக்குகிறது. நூலகத்திலும் இதே கதைதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் ஒளியியலோடு சேர்ந்த நிறம் 535.6-இல், கலையில் நிறம் 701.85-இல், காட்சிப் புலனுணர்வு 152.14-இல், கண்ணின் உடலியல் 612.84-இல். நிறத்தைப் படிக்க விரும்புகிறவர் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டும்.

சொற்களும் உதவ மறுக்கின்றன. மோனலிசாவின் உதட்டோரத்தில் கோடே இல்லாமல் புகைபோல் கரையும் வண்ணத்தைக் கலை உலகம் ‘ஸ்ஃபுமாட்டோ’ என்கிறது. லிவிங்ஸ்டன் 2000-இல் ‘சயன்ஸ்’ இதழில் அதே புன்னகையை விளக்கியபோது பேசியது தாழ்ந்த இடவதிர்வெண் பற்றி. அதாவது, நாம் அவள் கண்களைப் பார்க்கும்போது வாய் பார்வையின் ஓரத்தில் விழுகிறது. ஓரப்பார்வை பெரிய மங்கலான நிழல்களை மட்டும்தான் பிடிக்கும், அந்த நிழல்களில் சிரிப்பு அதிகம். வாயையே உற்றுப் பார்த்தால் நுண்விவரம் முன்னால் வந்து சிரிப்பு மங்கிவிடும். ஒரு சொல்லைத் தட்டினால் மற்ற உலகத்தின் கட்டுரை வரவே வராது.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது? என் பதில்: ஓவியத்தை. சொல் மாறும், துறை மாறும், படம் மாறாது. இதை நெடுநாள் முன்பே புரிந்துகொண்டவர்கள் மேற்கோள் அட்டவணை தயாரித்தவர்கள். யூஜீன் கார்ஃபீல்டு 1960-களில் அறிவியலுக்கு மேற்கோள் அட்டவணை கொண்டுவந்தார். யார் யாரை எடுத்துக்காட்டுகிறார்கள் என்று பின்தொடரும் ஏற்பாடு. பிறகு கலை, இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலங்களுக்கும் ஒன்று தொடங்கினார்கள். அங்கே ஒரு சிக்கல். கலை வரலாற்றாளர் ஓர் ஓவியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார், அடிக்குறிப்பில் மட்டும் அதைப் போடமாட்டார். அதனால் அட்டவணைக்காரர்கள் கட்டுரையைப் புரட்டி, அதில் பேசப்படும் ஓவியத்தையே மேற்கோளாகப் பதிந்தார்கள். ஓவியரை நூலாசிரியர்போல் வைத்துத் தேடலாம்! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, ஏன் இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை என்று தெரியவில்லை.

இன்று இதற்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அருங்காட்சியகம் ஓர் எண் தருகிறது. வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி லண்டன் நேஷனல் கேலரியில் என்ஜி 186. விக்கிடேட்டா என்ற திறந்த இணையத் தரவுத்தளமும் படத்துக்கு ஒரு தனி எண் தருகிறது. ஹேக் நகரின் ஆர்கேடி என்ற கலை வரலாற்று நிறுவனம் தன் படத் தரவுத்தளத்தில் வேறொன்று வைத்திருக்கிறது. பார்வை ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் இந்த எண்ணை ஒரு வரி சேர்த்தால் போதும், பாதி வேலை முடிந்தது. ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலோர் படத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது சோதனையில் பார்வையாளருக்குக் காட்டும் ஒரு தூண்டல் படம் மட்டுமே.

அது எங்கே இடிக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். ரஷ்ய அறிஞர் அல்ஃபிரெட் யார்பஸ் கண்ணின் மேல் சிறு கண்ணாடி பொருத்திய உறிஞ்சு மூடி ஒன்றை ஒட்டி, பார்வை எங்கெங்கே போகிறது என்று பதிந்தார். அவர் புத்தகம் ஆங்கிலத்தில் 1967-இல் வந்தது. அவர் காட்டிய படம் இலியா ரேப்பின் வரைந்தது. நாடு கடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறார், குடும்பம் திகைத்து நிமிர்கிறது. பார்க்கிறவரிடம் ‘இவர்கள் வயது என்ன?’ என்று கேட்டால் கண் முகங்களை நோக்கி ஓடியது. ‘வீட்டின் வசதி எப்படி?’ என்றால் அறைக்கலன்களை நோக்கி ஓடியது. கேள்விதான் கண்ணை ஓட்டுகிறது என்பது அவர் கண்டது. இன்றுவரை கணினியை வைத்து இதே சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். ஆனால் வருகிறவரின் முகத்தை ரேப்பின் பலமுறை திருத்தினார், படம் விற்ற பிறகும் திருத்தினார். அந்த முகத்தில் துணிச்சலா, தயக்கமா, எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய போராட்டம். ‘வருவதற்கு முன் குடும்பம் என்ன செய்துகொண்டிருந்தது?’ என்று யார்பஸ் கேட்ட கேள்வியை ரேப்பின் ஏற்கெனவே தூரிகையால் கேட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ரேப்பினின் திருத்தங்கள் பற்றிய ஆய்வும் யார்பஸ் பதிந்த பார்வைக் கோடுகளும் ஒரே பக்கத்தில் வைக்கப்பட வேண்டியவை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். இணைப்பது என்றால் எல்லாவற்றையும் கண் நோயாக்குவது அல்ல. ஓவியர் எல் கிரேக்கோ வரைந்த மனிதர்கள் நீள நீளமாக இருப்பதற்கு அவர் கண் குறைபாடே காரணம் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு வாதம் கிளம்பியது. அதற்குப் பதில் எளிது: கண் உலகத்தை நீட்டிக் காட்டினால் துணியையும் அதே அளவு நீட்டிக் காட்டும், இரண்டும் கழிந்துவிடும்.

அப்புறம் பிரெஞ்சு ஓவியர் மோனே. 1912-இல் அவருக்குக் கண்புரை என்று கண்டறிந்தார்கள், 1923-இல் வலது கண்ணில் அறுவை நடந்தது. ஸ்டான்ஃபோர்டின் கண் மருத்துவர் மைக்கேல் மார்மர் 2006-இல் அந்தப் புரை வழியே உலகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று கணினியில் காட்டினார். எல் கிரேக்கோவுக்குக் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்: மஞ்சள் கவிந்த கண் தோட்டத்தையும் துணியையும் ஒரேபோலத்தானே மஞ்சளாகக் காட்டும்? விடை கண்ணில் இல்லை, அவர் வேலை செய்த விதத்தில் இருக்கிறது. வண்ணங்களைச் சரியாகப் பிரித்தறிய முடியாமல் குழாய்களின் பெயர்ச்சீட்டையும் தட்டில் அவற்றை வைக்கும் வரிசையையும் நம்பி அவர் வரைந்தார். வண்ணத்தை நினைவிலிருந்து தேர்ந்தெடுத்தால் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது. இந்தத் தகவல் இருப்பது அவர் கடிதங்களிலும் அவரைச் சந்தித்தவர்களின் குறிப்புகளிலும். எந்தப் படம் எந்த ஆண்டு, அறுவைக்கு முன்பா பின்பா என்பதற்கு டேனியல் வில்டன்ஸ்டைன் தொகுத்த முழு அட்டவணையைப் பார்க்க வேண்டும். மோனேயின் படங்களுக்கு அவர் போட்ட எண்களைத்தான் இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. அடுத்த முறை மோனேயின் கண்ணைப் பற்றி ஒரு மருத்துவக் கட்டுரை கையில் கிடைத்தால், முதலில் அதில் அந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வணக்கம்.