சிகரெட்டை விட்ட பிறகு கூடும் எடை

அனைவருக்கும் வணக்கம். சிகரெட்டை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆனால் நான் முதலில் பேச விரும்புவது உங்களோடு வந்திருக்கும் வீட்டாரிடம்.

ஒருவர் சிகரெட்டை விட்டு இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். பேன்ட் இறுக்கத் தொடங்கும். கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன மாமா, தொப்பை போட்டுட்டீங்களே!" என்பார்கள். சொன்னவர் அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுவார். கேட்டவர் மறக்க மாட்டார். 'தம் அடிச்சப்ப இப்படி இல்லையே' என்று நினைப்பார். மறுபடி பெட்டிக்கடைப் பக்கம் போவதற்கு இந்த ஒரு நினைப்பே போதும்.

எடை ஏன் கூடுகிறது? சிகரெட்டில் இருக்கும் நிகோடின் என்ற போதைப் பொருள் பசியை அடக்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடலைக் கூடுதலாகக் கலோரி எரிக்க வைக்கிறது. தினம் ஒரு பாக்கெட் பிடிப்பவருக்கு இப்படியே ஏறக்குறைய 200 கலோரி செலவாகிறது. விட்டதும் அந்தச் செலவு நின்றுபோகும், பசி எழும்பும், நாக்கில் ருசி திரும்பும். டீயோடு சிகரெட் பிடித்துப் பழகிய கை பஜ்ஜித் தட்டுக்குப் போகும். இதில் அவருடைய மனஉறுதியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

சிகரெட் கம்பெனிகளுக்கு இது எப்போதோ தெரியும். 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டைத் தயாரித்த நிறுவனம், இனிப்புக்குப் பதிலாக எங்கள் சிகரெட்டை எடுங்கள் என்று பெண்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

சரி, எவ்வளவு கூடும்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. மருந்து உதவியில்லாமல் விட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ, அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு எடை குறைந்தே இருந்தது! எடை அதிகம் ஏறினால் சில ஆண்டுகளுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை; ஆகவே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆனால் அப்படி எடை போட்டவர்களுக்கும் மாரடைப்பு ஆபத்து, தொடர்ந்து புகைப்பவர்களைவிடக் குறைவுதான்.

முதல் மூன்று மாதம் கடுமையான டயட் வேண்டாம். பசியும் சிகரெட் ஏக்கமும் சேர்ந்து வந்தால் தாங்குவது கஷ்டம். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், வெள்ளரிக்காய். சாப்பிட்டு முடித்ததும் பிடிப்பார்களே, அந்த சிகரெட்டைத் தாண்டுவதுதான் மிகக் கடினம். அந்த நேரத்தில் எழுந்து தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். நிகோடின் சூயிங்கம் பயன்படுத்தும் வரை எடை ஏறுவது மட்டுப்படும். டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டாருக்கு ஒன்றே ஒன்று. தொப்பையைப் பற்றிப் பேசாதீர்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது இப்போது குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஏக்கம் தாங்காமல் அவர் தவிக்கும் நாளில், 1800-11-2356 என்ற எண்ணை அழைத்துக் கொடுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் தேசிய உதவி எண் அது. தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.