ஏட்டில் இல்லாத இன்ஜின் அறை

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்தக் கூட்டத்துக்காக இரண்டு மாதம் அலைந்த நம் நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, பதக்கம் அணிந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, வெயிலில் வரிசையாக நடந்து வந்த பள்ளிப் பிள்ளைகளே, அவர்களை அழைத்து வந்த ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம். மைக் செட் போட்டுக் கொடுத்த தம்பிக்கும் வணக்கம்.

தலைவர் அம்மா எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதை முன் வரிசையில் மூத்தவராக இருக்கும் கடற்படை ஐயாவுக்குப் போர்த்த அனுமதி வேண்டும். அம்மா சரி என்று தலையசைத்துவிட்டார்கள். ஐயா, எழுந்திருக்க வேண்டாம், நானே கீழே வருகிறேன். பிள்ளைகளே, பலமாகக் கை தட்டுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அழைப்பிதழில் "டார்பிடோ படகு வீரர்களின் நினைவுகள்" என்று போட்டிருக்கிறார்கள். நான் ஐ.டி.ஐ.யில் முப்பது வருடம் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தியவன். வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை ஓட்டிய பி.டி. படகுகளை, அதாவது ரோந்து டார்பிடோ படகுகளைப் பற்றி இருபது வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டார்பிடோ என்றால் தண்ணீருக்குள் ஓடிப் போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் குண்டு. இன்று மூன்று விஷயம் சொல்கிறேன். முதலில் படகு. இரண்டாவது, பசிபிக் கடலில் அதில் இருந்த மனிதர்கள். மூன்றாவது, அந்த மனிதர்களின் நினைவுகள் எப்படிக் காப்பாற்றப்பட்டன. இந்த மூன்றாவதுக்காகத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று என் அப்பா ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வார். நூலகர் அம்மா தப்பாக நினைக்கக் கூடாது. புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பி.டி. படகு 40 நாட் வேகம், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர், போகும் என்று ஏட்டில் இருக்கிறது. அந்த வேகத்தில் அலைமேல் போகும்போது மேல்தளத்தில் நிற்பவன் முழங்காலை மடக்கிக்கொண்டே நிற்க வேண்டும், விறைப்பாக நின்றால் இடுப்பு போய்விடும் என்பதை, நின்றவன் சொன்னால்தான் தெரியும்.

படகைப் பற்றிச் சொல்கிறேன். எல்கோ என்ற கம்பெனி நியூ ஜெர்சியில் கட்டியது 80 அடி. ஹிக்கின்ஸ் என்ற கம்பெனி நியூ ஆர்லியன்ஸில் கட்டியது 78 அடி. நம் ஊர்ப் பெரிய விசைப்படகு மாதிரிதான் இருக்கும். பன்னிரண்டிலிருந்து பதினேழு பேர் வரை ஆட்கள். உள்ளே மூன்று பேக்கார்ட் இன்ஜின், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு சிலிண்டர், டீசல் இல்லை, பெட்ரோல்! அதுவும் விமானத்துக்குப் போடும் 100 ஆக்டேன் பெட்ரோல், 3,000 கேலன். நம் கணக்கில் பதினோராயிரம் லிட்டருக்கு மேல். மரப்படகு, வயிறு நிறையப் பெட்ரோல், மேலே டார்பிடோ. எதிரி சுடும் ஒரு குண்டு சரியான இடத்தில் பட்டால் போதும். இதை நினைத்துக்கொண்டுதான் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் இன்ஜின் அறைக்குள் இறங்கினார்கள்.

அவை ஒட்டுப்பலகைப் படகுகள் என்று பலர் சொல்வார்கள். அதில் போனவர்களே சிலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் மஹோகனிப் பலகையை இரண்டு அடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, நடுவில் பசை தோய்த்த கித்தான் துணியை வைத்து அடித்தார்கள். ஞாபகமும் தவறும். அதனால் கேட்டு எழுதுகிறவன் ஏட்டையும் புரட்டிப் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

1942 மார்ச் 11ஆம் தேதி இரவு பிலிப்பைன்ஸில் கொரெஹிடோர் தீவிலிருந்து அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் மெக்கார்தரையும் அவர் மனைவியையும் சின்னப் பையனையும் ஏற்றிக்கொண்டு ஜப்பானியர் கண்ணில் படாமல் மின்டனாவோ தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது ஜான் பல்க்லி என்ற லெப்டினன்டின் படகு, பி.டி. 41. கான்கிரீட் கலக்கும் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து போனது போல இருந்தது என்று மெக்கார்தர் பின்னாளில் சொன்னார். எவ்வளவு பெரிய ஜெனரலாக இருந்தால் என்ன, கடல் ஆளுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்வதில்லை.

அடடா, முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஐயா வருகிறார்கள். வாருங்கள் ஐயா, வணக்கம். தம்பி, முன் வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள். இந்த நூலகத்துக்கு மாடி கட்ட நிதி வாங்கிக் கொடுத்தது ஐயாதான். நாம் இப்போது நிற்பதே ஐயாவின் கூரைக்குக் கீழேதான். கை தட்டுங்கள்.

எதில் விட்டேன்? மனிதர்கள். இந்தப் படகுகள் பகலில் தூங்கி இரவில் வேலை செய்தன. பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் துலாகி, ரெண்டோவா போன்ற இடங்களில் முகாம். பகலில் கரையோரம் மரக்கிளையும் தழையும் போட்டு மூடி வைப்பார்கள். இரவில், ஜப்பானியப் போர்க்கப்பல்களும், ஆளையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு கரையை ஒட்டியே போகும் அவர்களுடைய சரக்குப் படகுகளும் வரும் வழியில் போய்க் காத்துக் கிடப்பார்கள். அந்தக் கடலில் தண்ணீர் கலங்கினால் மின்னும். படகுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு மாதிரி ஒளி. மேலே பறக்கும் ஜப்பானிய மிதவை விமானம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து கோட்டின் நுனியில் குண்டு போடும். அதனால் ஒரே ஒரு இன்ஜினை மட்டும் ஓட்டி, ஊர்ந்து ஊர்ந்து போவார்கள். ஆரம்பத்தில் டார்பிடோவும் ஒத்துழைக்கவில்லை. குழாயில் கருமருந்து வைத்து வெளியே தள்ளும்போது உள்ளே இருக்கும் கிரீஸ் பற்றிக்கொண்டு எரியும். கும்மிருட்டில் அந்த ஒரு பளிச் போதாதா, நான் இங்கே இருக்கிறேன் என்று காட்டிக்கொடுக்க! பிற்பாடு குழாயையே எடுத்துவிட்டு, பக்கவாட்டில் உருட்டித் தள்ளும் ஏற்பாடு வந்தது.

இப்போது பிள்ளைகளுக்காக ஒரு கதை. கென்னடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர். அவருக்கு 26 வயதில், 1943 ஆகஸ்ட் 2ஆம் தேதி, விடியற்காலை இரண்டரை மணி வாக்கில் நடந்தது. நிலா இல்லாத இரவு. அன்று ரெண்டோவாவிலிருந்து பதினைந்து படகுகள் போயிருந்தன. கென்னடியின் படகு பி.டி. 109. அதில் பதின்மூன்று பேர். ஒற்றை இன்ஜினில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது இருட்டிலிருந்து அமாகிரி என்ற ஜப்பானிய டெஸ்ட்ராயர், அதாவது வேகமான போர்க்கப்பல், முழு வேகத்தில் வந்து இவர்கள் படகைப் பிளந்துகொண்டு போய்விட்டது. பெட்ரோல் கடல்மேல் பரவி எரிந்தது. இரண்டு பேர் அங்கேயே போனார்கள்.

எல்லோரும் இந்த இடத்தில் கென்னடியைச் சொல்வார்கள். நான் இன்ஜின் அறையைச் சொல்கிறேன். உள்ளே பாட்ரிக் மக்மேன் என்ற மெக்கானிக் இருந்தார். கென்னடியைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். பையன்கள் அவரைப் "பாப்பி" என்று கூப்பிடுவார்கள், நாம் "பெரியவரே" என்கிற மாதிரி. மேல்தளத்தில் இருந்தவர்களுக்காவது கப்பல் வருவது ஒரு நொடி தெரிந்தது. இவருக்கு எதுவும் தெரியாது. இன்ஜின் சத்தம், அப்புறம் நெருப்பு. கைகள், முகம் எல்லாம் வெந்துபோய்க் கடலில் மிதந்தார். கென்னடி இருட்டில் நீந்திப் போய் அவரை உடைந்த படகின் முன்பகுதிக்கு இழுத்து வந்தார்.

மீந்த பதினோரு பேரும் அந்த முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு விடிந்து அன்று மத்தியானம் வரை கிடந்தார்கள். அதுவும் முழுகப் போகிறது என்று தெரிந்ததும் மூன்றரை மைல் தூரத்தில் இருந்த ஒரு சின்னத் தீவைப் பார்த்து நீந்தினார்கள். நீச்சல் தெரியாதவர்கள் ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மக்மேனால் கையை அசைக்க முடியாது. அவருடைய மிதவைச் சட்டையின் வாரைக் கென்னடி பல்லால் கடித்துக்கொண்டு நீந்தினார். நான்கு மணி நேரம்! பிள்ளைகளே, நம் பேருந்து நிலையத்திலிருந்து பக்கத்து ஊர் வரை ஒருவரைப் பல்லால் இழுத்துக்கொண்டு, அதுவும் உப்புத் தண்ணீரில் போவதாக நினைத்துப் பாருங்கள்.

தீவில் தேங்காய்தான் இருந்தது. அங்கிருந்து இன்னொரு தீவுக்குப் போனார்கள். அங்கே பியுக்கு காசா, எரோனி குமானா என்ற இரண்டு இளைஞர்கள் சிறு மரத்தோணியில் வந்து இவர்களைக் கண்டார்கள். அந்த மண்ணின் பிள்ளைகள். கொலம்பங்கரா தீவின் மலையில் ஒளிந்திருந்து எதிரியை வேவு பார்த்த ஆஸ்திரேலியர் எவன்ஸுக்காக வேலை செய்தவர்கள். முதலில் இவர்களை ஜப்பானியர் என்றே நினைத்தார்கள். எழுதக் காகிதம் இல்லை. தேங்காய் ஓட்டில் கத்தியால் கீறினார் கென்னடி: பதினோரு பேர் உயிரோடு இருக்கிறோம், சின்னப் படகு வேண்டும், இந்த ஆளுக்கு இடம் தெரியும் என்று. அந்தத் தேங்காயைத் தோணியில் வைத்துக்கொண்டு, ஜப்பானியர் நடமாடும் கடலில் முப்பத்தைந்து மைலுக்கு மேல் துடுப்புப் போட்டார்கள் அந்த இரண்டு பேர். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். அப்புறம் எவன்ஸ் அனுப்பிய தோணியில் கென்னடியைத் தென்னங்கீற்றுக்கு அடியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி பி.டி. 157 வந்து எல்லோரையும் மீட்டது. மக்மேனும் பிழைத்தார்.

அந்தத் தேங்காய் ஓடு ஜனாதிபதியின் மேஜைமேல் இருந்தது. இப்போது பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் இருக்கிறது. நூலக அலுவலர் அவர்களே, ஒரு தேங்காய் ஓட்டை நூலகத்தில் வைத்திருக்கிறார்கள்! 2002ல் ராபர்ட் பல்லார்ட் என்ற ஆழ்கடல் ஆய்வாளர் பி.டி. 109இன் மிச்சத்தைத் தேடிப் போனபோது காசாவும் குமானாவும் உயிரோடு இருந்தார்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்டார்கள். காசா 2005ல் போனார், குமானா 2014ல் போனார். அந்த வருடத்தில் போய்க் கேட்டதால்தான் அவர்கள் சொன்னது நமக்குக் கிடைத்தது. ஏட்டுச் சுரைக்காய் என்று அப்பா சொன்னது இதைத்தான். தோணித் துடுப்பு பிடித்த கை எந்த அரசாங்க ஏட்டிலும் முழுதாக வராது.

மறந்துபோக வேண்டும் என்று விரும்பப்படும் விஷயமும் இருக்கிறது. 1944 ஏப்ரலில் நியூ பிரிட்டன் தீவின் கரையோரம் அமெரிக்க விமானங்களே தங்கள் பி.டி. படகுகளை எதிரி என்று நினைத்துத் தாக்கி இரண்டு படகுகளை அழித்தன. தன் நாட்டு விமானம் தன்னைச் சுட வருவதைப் பார்த்தவனிடம் போய், வெற்றியைப் பற்றிச் சொல் என்று மட்டும் கேட்டால் அவன் பாதியைத்தான் சொல்வான். போர் முடிந்து, 1945 கடைசியில், பிலிப்பைன்ஸில் சமார் தீவுக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட பி.டி. படகுகளை இன்ஜினையும் துப்பாக்கியையும் கழற்றிவிட்டு வரிசையாக நிறுத்திக் கொளுத்தினார்கள். பூச்சி அரித்த மரம், ஊருக்குக் கொண்டுபோகச் செலவு அதிகம் என்பது காரணம். கணக்குக்குச் சரிதான். அந்தத் தளத்தில் இரண்டு வருடம் தூங்கி எழுந்தவன் கரையில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும்?

ஆனால் அந்த வீரர்கள் விடவில்லை. சங்கம் வைத்துக் கூடினார்கள், புகைப்படமும் படகின் பாகங்களும் சேர்த்தார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்டில் பி.டி. 658 இன்றும் தன் பேக்கார்ட் இன்ஜினோடு ஓடுகிறது, அதைச் சீராக்கியதில் பழைய பி.டி. வீரர்களின் கை உண்டு. பி.டி. 305 சிப்பி அள்ளும் படகாகிப் பின்பக்கம் வெட்டப்பட்டுக் கிடந்தது. அதையும் நியூ ஆர்லியன்ஸில் தொண்டர்கள் பல வருடம் உழைத்து மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள். அது மத்தியதரைக் கடலில் சண்டை போட்ட படகு. அந்தக் கதைக்கு இன்று நேரம் இல்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, போருக்குப் போன ஒவ்வொருவரின் பேச்சையும் தேசிய நூலகத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தது. யார் வேண்டுமானாலும் தன் தாத்தாவை உட்கார வைத்துப் பதிவு செய்து அனுப்பலாம். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

இதைத்தான் நாம் செய்ய வேண்டும். 1971 டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கிய நம் நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகளும் இதே மாதிரிச் சின்ன, வேகமான படகுகள்தான். கடற்படை நாள் கொண்டாடுவதே அதற்காக. அந்தப் போரில் கடற்படையில் இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். கடற்படைக் கப்பலில் இன்ஜின் அறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். மாலையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இன்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். போரைப் பற்றிக் கேட்டால் "இன்னொரு நாள் சொல்றேன் சார்" என்பார். நானும் விட்டுவிட்டேன். போன தைக்கு அவர் போய்விட்டார். அவர் எழுதி வைத்திருந்த இரண்டு டைரிகளை வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். நான் கடைக்கு ஓடினேன். கட்டு கிளம்பி இரண்டு நாள் ஆகிவிட்டது என்றார்கள். அவர் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கத்தில் இருந்து கேட்காமல் விட்டது நான்.

ஆகவே மேடையில் இருக்கும் பெரியவர்களிடம் மூன்று கோரிக்கை. நூலக அலுவலர் அவர்கள் ஒரு கணினியும் ஓர் அலமாரியும் ஒதுக்கித் தர வேண்டும். தலைவர் அம்மா, நம் பேரூராட்சியில் இருக்கும் முன்னாள் படைவீரர்களின் பட்டியல் கிடைக்க உதவ வேண்டும். தலைமையாசிரியர் அவர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்து பேரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுப்ப வேண்டும். கைபேசி இருக்கிறது, வேறு செலவு இல்லை. எப்படிக் கேட்பது என்று நான் சொல்லித் தருகிறேன். எந்தக் கப்பல், எந்த வருடம் என்று தொடங்கக் கூடாது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், பக்கத்துப் படுக்கையில் யார் என்று தொடங்க வேண்டும். மற்றது தானாக வரும்.

வாசலில் நூலகர் அம்மாவின் மேஜைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வீட்டில், தெருவில் யாராவது இருந்தால் பேரும் வீட்டு அடையாளமும் எழுதிவிட்டுப் போங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, பொன்னாடை போர்த்திய நம் ஐயாவின் வீட்டில் முதல் பதிவு. ஐயா சம்மதித்துவிட்டார்கள். வாய்ப்புக் கொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.