11 வயசுல எழுதின ஒரு பரீட்சை, 80 வயசுல என்ன சொல்லுது?

வணக்கம் மக்களே. காபி குடிக்கிறவங்களுக்கு வயசான காலத்துல மூளை நல்லா வேலை செய்யும்னு ஒரு செய்தி வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கும், பார்த்திருப்பீங்க. ஒரு மாசம் வால்நட், அடுத்த மாசம் மீன், அப்புறம் குறுக்கெழுத்து. இதையெல்லாம் எப்ப நம்பலாம், எப்ப நம்பக்கூடாதுன்னு புரியணும்னா ஸ்காட்லாந்துல நடந்த ஒரு ஆராய்ச்சியைத் தெரிஞ்சுக்கணும். டிமென்ஷியா, அதாவது வயசான காலத்துல நினைவும் யோசனையும் மங்கிப்போற நோய், அதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சதுல இருந்து என் மனசுல ரொம்ப ஆழமா பதிஞ்ச ஆராய்ச்சி இதுதான்.

1932 ஜூன் 1. அன்னைக்கு ஸ்காட்லாந்து முழுக்க, 1921-ல பிறந்து பள்ளிக்கூடம் வந்த பிள்ளைங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தாங்க. புத்திக்கூர்மையை அளக்கிற மோரே ஹவுஸ் டெஸ்ட் நம்பர் 12. 45 நிமிஷம், மொத்தம் 76 மார்க். எழுதினது 87,498 பிள்ளைங்க! கிராமத்துப் பள்ளிக்கூடம், நகரத்துப் பள்ளிக்கூடம், ஏழை, பணக்காரன்னு எந்த வித்தியாசமும் பார்க்கலை. 1947-லயும் இதே மாதிரி, 1936-ல பிறந்த 70,805 பிள்ளைங்களுக்கு வெச்சாங்க. நோக்கம் கல்வி சம்பந்தப்பட்டது. டிமென்ஷியாவை அன்னைக்கு யாரும் மனசுல நினைக்கவே இல்லை.

மார்க் எழுதின பேரேடுகள் பல பத்து வருஷம் எடின்பரோவுல அப்படியே கிடந்துச்சு. 1990-கள்லதான் லாரன்ஸ் வாலி, இயன் டியரின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதோட மதிப்பைப் புரிஞ்சுக்கிட்டாங்க. 1921-ல பிறந்த அந்தப் பிள்ளைங்க அப்ப எழுபத்தேழு வயசை நெருங்கிட்டாங்க. 1998 ஜூன் 1, சரியா 66 வருஷம் கழிச்சு, அபர்டீன் மியூசிக் ஹால்ல அவங்கள்ல சிலரை வரவழைச்சு அதே கேள்வித்தாளைத் திரும்ப எழுத வெச்சாங்க. அதே 45 நிமிஷம்.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். ஒரு எழுபது வயசுக்காரருக்கு நினைவுத்திறன் டெஸ்ட் வெக்கிறோம், 30-க்கு 23 எடுக்கிறார். அவர் சின்ன வயசுல இருந்தே 23 எடுக்கிற ஆளா, இல்லை 29-ல இருந்து இறங்கி வந்திருக்காரா? அந்த ஒரு தாளை வெச்சு சொல்லவே முடியாது. முதல் ஆளுக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கலாம், ரெண்டாவது ஆளுக்கு நோய் தொடங்கியிருக்கலாம். நோய் எட்டிக்கூடப் பார்க்காத வயசுல எடுத்த மார்க் கையில இருந்தாத்தான் ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியும்.

இப்ப காபிக்கு வருவோம். 1936-ல பிறந்தவங்கள்ல 1,091 பேரை எழுபது வயசுல கூப்பிட்டு டெஸ்ட் பண்ணாங்க. லோதியன் பர்த் கோஹார்ட் 1936-ன்னு பேரு. அதுலயும் காபி நிறைய குடிச்சவங்க மார்க் கொஞ்சம் கூடுதலாத்தான் இருந்துச்சு. மத்த நாட்டுல இருந்தா அதோட செய்தி போட்டுட்டுப் போயிருப்பாங்க. இவங்ககிட்ட 11 வயசு மார்க் இருந்துச்சே! அதையும், குடும்பத்தோட சமூக நிலையையும் கணக்குல சேர்த்ததும் காபியோட பலன் கிட்டத்தட்ட காணாமப் போயிடுச்சு. காபி மூளையைக் காப்பாத்தலை. 11 வயசுல நல்லா எழுதின பிள்ளைங்க, வளர்ந்து அந்த மாதிரி வேலைக்கும் வாழ்க்கைக்கும் போய், காபி குடிக்கிறவங்களா ஆனாங்க. காரணம் எது, விளைவு எதுங்கறதே தலைகீழாப் போச்சு. எழுபது வயசுல மனுசங்களுக்குள்ள இருக்கிற வித்தியாசத்துல கிட்டத்தட்ட பாதி, 11 வயசுலயே இருந்த வித்தியாசம்தான்னு இந்தக் குழு காட்டியிருக்கு. சின்ன வயசு மார்க் இல்லாம வர்ற "இதைச் சாப்பிட்டா மறதி வராது" ஆராய்ச்சியை நான் ரொம்ப ஜாக்கிரதையாத்தான் படிக்கிறேன். நீங்களும் அப்படிப் படிங்க.

இன்னொண்ணு, டிமென்ஷியாவுல ஒரு வகையான அல்சைமரோட அபாயத்தைக் கூட்டுற ஏபோ-ஈ4 ஜீன் கேள்விப்பட்டிருப்பீங்க. 1921-ல பிறந்த அந்தப் பிள்ளைங்கள்ல, அந்த ஜீன் இருந்தவங்களும் இல்லாதவங்களும் 11 வயசுல ஒரே மாதிரிதான் எழுதியிருந்தாங்க. 80 வயசுல அந்த ஜீன் இருந்தவங்க பின்தங்கிட்டாங்க. ஜீன் பிறவியிலயே இருக்கு, ஆனா அதோட வேலை பிற்காலத்துலதான் தெரியுதுங்கறதை ரெண்டு பரீட்சையும் சேர்ந்து காட்டினது 2002-ல.

சரி, 11 வயசுல மார்க் குறைஞ்சா டிமென்ஷியா வருமா? ஸ்காட்லாந்து தரவுல, பிற்காலத்துல டிமென்ஷியா வந்தவங்களோட சின்ன வயசு மார்க் சராசரியா கொஞ்சம் குறைவா இருந்துச்சு. 2008-ல இன்னும் பிரிச்சுப் பார்த்தப்ப, அந்தத் தொடர்பு ரத்தக்குழாய் பாதிப்பால வர்ற டிமென்ஷியாவுலதான் தெரிஞ்சுச்சு, அல்சைமர்ல தெரியலை. இதெல்லாம் கூட்டத்தைப் பத்தின கணக்கு. உங்க பையன் கணக்குல ஃபெயிலானதை வெச்சு அவன் எண்பது வயசை யாரும் ஜோசியம் சொல்ல முடியாது, தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

பிரான்ஸ்ல போர்தோ பக்கம் பாக்விட்னு ஒரு ஆராய்ச்சி 1988-ல தொடங்குச்சு. அங்க பெரியவங்களை வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணாங்க. மிருகம், பழம், ஊர்னு ஒரு வகையைச் சொல்லி, சில நொடிக்குள்ள அதுல எத்தனை பெயர்களைச் சொல்றாங்கன்னு எண்ணுவாங்க, அவ்வளவு சின்ன டெஸ்ட். பின்னாடி அல்சைமர் வந்தவங்களுக்கு, டாக்டர் நோயைச் சொல்றதுக்கு சுமார் 12 வருஷம் முன்னாடியே இந்த மார்க் மத்தவங்களைவிட இறங்கத் தொடங்கியிருந்துச்சு. ஒரு தடவை மட்டும் பார்த்திருந்தா யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

ஆனா திரும்பத் திரும்ப டெஸ்ட் வெக்கிறதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு பழக்கம்: ரெண்டாவது தடவை எழுதும்போது கேள்வி முறை பிடிபட்டு மார்க் ஏறிடும், அந்த ஏத்தம் உள்ள இருக்கிற சரிவை மறைச்சிடும். இன்னொண்ணு எனக்கு ரொம்ப வேதனையானது. ஸ்காட்லாந்துல எழுபது வயசுல வந்த 1,091 பேர்ல 82 வயசு சுற்றுக்கு வந்தது 431 பேர்தான். இறந்துட்டாங்க, நடக்க முடியலை, மறதி முத்திப்போச்சு. இந்த மாதிரி ஆராய்ச்சியில பாதியில நின்னுபோறவங்க பெரும்பாலும் உடம்பும் நினைவும் தளர்ந்தவங்களாத்தான் இருப்பாங்க. யாரைப் பத்தித் தெரிஞ்சுக்க ஆராய்ச்சி நடக்குதோ, அவங்களே கணக்குல இருந்து நழுவிடறாங்க.

வீட்டுல பெரியவங்களுக்கு டாக்டர் இந்த மாதிரி டெஸ்ட் எடுத்தா, மார்க்கோட, டெஸ்ட் பேரையும் தேதியையும் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த டாக்டருக்கு அந்தச் சீட்டு ரொம்ப உதவும். மொபைல்ல வர்ற அஞ்சு நிமிஷ மெமரி டெஸ்டைப் பார்த்து அவங்களைப் பயமுறுத்தாதீங்க.

நம்ம ஊருக்கு வந்தா, இன்னைக்கு எழுபது வயசுல இருக்கிற எத்தனையோ பேர் 11 வயசுல பள்ளிக்கூடத்துலயே இல்லை. ஹரியானாவுல பல்லப்கர்ல 1990-கள்ல மேரி கங்குலிங்கிற ஆராய்ச்சியாளரோட குழு வேலை பார்த்தப்ப, வெளிநாட்டு டெஸ்டுல இருந்த "ஒரு வாக்கியம் எழுதுங்க"ங்கிற கேள்வியை எடுத்துட்டு, "உங்க வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க"ன்னு மாத்தினாங்க. எழுதத் தெரியாததை மறதின்னு கணக்குப் போட்டுடக்கூடாதுல்ல? சென்னையிலயும் வேலூர் கிராமங்கள்லயும் வளரும் நாடுகள்ல டிமென்ஷியாவை ஆராயுற 10/66-ங்கிற குழு ஆய்வு பண்ணப்பவும், பெரியவங்களை மட்டும் கேட்காம, கூட இருக்கிற குடும்பத்தாளையும் உக்கார வெச்சுக் கேட்டாங்க. இப்ப நாடு முழுக்க நடக்கிற லாசி-டாட்ங்கிற டிமென்ஷியா ஆய்வுலயும் அப்படித்தான். முதல் சுற்றுல 60 வயசு தாண்டின 4,096 பேரைப் பார்த்து, இந்த வயசுக்காரங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும்னு கணிச்சிருக்காங்க. அதுல வீட்டாள்கிட்ட கேட்கிற கேள்விகள் இப்படித்தான் போகும்: பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்ததோட பார்த்தா, இப்ப சொந்தக்காரங்க விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கிறாங்களா? பணத்தைக் கையாள முடியுதா? பேரேடு இல்லாத இடத்துல, கூடவே இருந்து பார்த்த மருமகளோ மகனோ சொல்றதுதான் அந்தப் பழைய மார்க்.